பேடில் ஒட்டிய சிவப்பு

சட்டென்று விசையிலிருந்து விரலை எடுத்தாள். பாலிஷ் மெஷின் உறுமி அடங்குவதற்குள் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் மாட்டிய, வெள்ளையாக இருந்த பஞ்சு பேட், உதட்டுச்சாயம் துடைத்த கைக்குட்டை மாதிரி சிவந்திருந்தது.

பாலிஷ்காரி குனிந்து காரின் பின்கதவைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். இந்தக் காலத்துக் கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத பூச்சு ஒன்று இருக்கும். கிளியர் கோட் என்பார்கள். பாலிஷ் போட்டு மெஷினை ஓட்டினால் தேய்வது அதுதான். வழித்துக்கொண்டு வருவதும் வெள்ளையாகத்தான் வரும். வண்டியின் நிறம் பேடில் ஏறினால், மேல்பூச்சைத் தின்று தீர்த்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் பாலிஷில் சரியாகாது. கதவுக்கே மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும்.

மணி இரண்டு. நாலு மணிக்குச் சிவப்புக் காரின் சொந்தக்காரர் வந்துவிடுவார்.

காலையில் பூச்சின் கனத்தை அளக்கும் கருவியை பானெட், கூரை, முன்கதவு என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தவள், பின்கதவை மட்டும் விட்டுவிட்டாள். முன்கதவு எப்படியோ பின்கதவும் அப்படித்தானே என்ற அலட்சியம்.

மெஷின் சத்தம் நின்றதும், வண்டி கழுவுகிறவர் ஹோஸை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். கடையில் அவருக்கு சோப்பு மாமா என்று பெயர். அவர் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு பேச்சு உண்டு. பேடைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். மூன்றாவது அலமாரியில் சிவப்பு வாக்ஸ் டின் இருக்கிறதாம். அழுத்தித் தேய்த்தால் பளபளவென்று நிற்குமாம். மூன்று தடவை கழுவும்வரை ஒரு பயலுக்கும் தெரியாதாம்.

"வாக்ஸுங்கறது மாமியார் முன்னாடி மருமக சிரிக்கிற மாதிரிமா. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. ஆனால் கால்கள் அலமாரிக்குப் போயின. டின்னைத் திறந்துகூட விட்டாள்.

அந்த வாசனைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

போன வருஷம் இதே வாசனை. வேறு கடை, கறுப்புக் கார். பானெட்டின் விளிம்பில் ஒரு நொடி கூடுதலாக மெஷினை அழுத்தி, உள்பூச்சு தெரியுமளவுக்கு எரித்துவிட்டாள். அந்தக் கடை மேஸ்திரி கறுப்பு வாக்ஸை அப்பி மறைத்தார், வாயைத் திறக்கக் கூடாது என்றார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. எரித்தது தன் கைதான், இரண்டு தடவை கழுவினால் வெளியே வந்துவிடும் என்று ஒரு சீட்டில் எழுதி, ஸ்டியரிங்குக்கு மேலே செருகி வைத்தாள். வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் யாரோ ஒரு பையன். சொந்தக்காரரை அவள் பார்த்ததே இல்லை. இரண்டாம் நாள் மேஸ்திரிக்கு ஒரு போன் வந்தது. "சரிங்க, சரிங்க" என்று கேட்டுவிட்டு வைத்தவர், அவளை ஏப்ரனைக் கழற்றச் சொன்னார்.

அதோடு போகவில்லை. 'அடுப்பு' என்று பட்டப்பெயர் வைத்து ஊர்க் கடைகளுக்கெல்லாம் பரப்பிவிட்டார். எட்டு மாதம் எந்தக் கடையிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படியிருக்கையில்தான் ஒரு காலை, இந்தக் கடையை நடத்தும் அக்கா அவள் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மெஷின் ஓட்டத் தெரியும்தானே, திங்கட்கிழமை வந்துவிடு என்றாள். முன்னே எங்கே வேலை பார்த்தாய், ஏன் நின்றாய், ஒரு கேள்வி கிடையாது. அன்றிலிருந்து தினமும் ஏப்ரனைக் கட்டும்போது அக்காவை மனசுக்குள் கும்பிட்டுவிட்டுத்தான் மெஷினைத் தொடுவாள்.

இந்த வேலையும் போனால் இனி வேறு கதவு கிடையாது. போகட்டும். அந்த அக்காவிடமா பொய்?

டின்னை மூடி மாமா கையில் கொடுத்துவிட்டு, சிவந்த பேடோடு அக்காவின் கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள். அளக்கவில்லை, எரித்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அக்கா எழுந்து வந்தாள். கருவியை முன்கதவில் வைத்தாள். நூற்றுப் பத்து. பின்கதவில் வைத்தாள். இருநூற்று அறுபது. நாலு விரல் தள்ளி வைத்தாள். இருநூற்று எழுபது.

பூச்சு எரிந்திருந்தால் எண் குறைய வேண்டும். இங்கே இரண்டு மடங்குக்கு மேல் ஏறி நிற்கிறது. எப்போதோ அடிபட்ட கதவு; எவனோ கிளியர் கோட்டே இல்லாமல் பழைய மாதிரி வெறும் பெயின்டை அடித்துத் தள்ளியிருக்கிறான். அந்த மாதிரிப் பெயின்டில் முதல் சுற்றிலேயே பேடில் நிறம் ஏறத்தான் செய்யும் என்று அக்கா விளக்கினாள்.

"ஒண்ணும் எரியல. ஆனா அளக்காம மெஷின வெச்சது தப்புதான். அத மறந்துடாத."

போன உயிர் திரும்பி வந்தது. அக்கா சொன்னபடி மிருதுவான பேட், நைஸ் பாலிஷ், மெதுவான வேகம் என்று மறுபடி ஆரம்பித்தாள். மற்ற இடங்களுக்கு வழக்கமான வாக்ஸ். வறண்டு கிடந்த அந்தக் கதவுக்கு மட்டும் எண்ணெய்ப் பசையுள்ள கெட்டி வாக்ஸை அக்காவே எடுத்துக் கொடுத்தாள். பூசியது தெரியாத அளவுக்கு மெல்லிசாகக் கையால் தடவி, மங்கலாகும்வரை காத்திருந்து துணியால் துடைத்தாள். கதவில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு வந்தவரிடம் கதவின் கதையைச் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். கேட்டில் இடித்தது அவர்தானாம். வீட்டில் இன்னும் தெரியாதாம். சோப்பு மாமா திரும்பி நின்று ஹோஸைத் திறந்துவிட்டுக்கொண்டார், சிரிப்புச் சத்தம் கேட்காமலிருக்க.

வண்டி போனதும் பேடுகளைக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். இதற்கு மேல் அடக்க முடியவில்லை. யாருமே சேர்க்காத என்னைத் தேடி வந்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தொடங்கினாள்.

அக்கா கையமர்த்தினாள். குழாயை மூடினாள். அவள் முகத்தைப் பார்க்காமல், ஈரத் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"நன்றிய நீ சொல்லாத. உன் வீட்டக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாசமாச்சு. அந்தக் கறுப்பு வண்டி என்னுது. இந்தக் கடையப் போடறதுக்கு முன்னாடி மத்தவங்க எப்படி வேலை பாக்குறாங்கன்னு தெரிஞ்சுக்க, தம்பிகிட்ட குடுத்து அனுப்பினேன். உன் சீட்டப் படிச்சேன். இப்படி ஒரு பொண்ணு உங்க கடையில இருக்காளேன்னு நல்லதா நாலு வார்த்தை சொல்லத்தான், அன்னைக்கு மேஸ்திரிக்குப் போன் பண்ணினேன்."