ஒன்றும் நடக்காத பக்கம்

ஒரே ஒரு தடவை பந்து அவன் மட்டைக்கு அடியில் நழுவிப் போய்விடட்டும். பெரிதாக எதுவும் வேண்டாம். அடிபட வேண்டாம், யாரும் திட்டவும் வேண்டாம். பார்க்க வந்திருக்கிறவர்கள் ‘பையன் பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற அளவுக்கு ஒரு சின்னத் தப்பு. அது போதும்.

நினைத்து முடித்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்பது அண்ணிக்கு உறைத்தது. திருடியவள் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். இரும்புப் படிகளில் அவளுக்கு அருகே யாரும் இல்லை. கீழே புல்விரிப்பில் தண்ணீர் தெளித்த ஈரம் மினுங்கியது. நினைப்புக்குச் சத்தம் இல்லாமல் போனது எவ்வளவு பெரிய வசதி என்று தோன்றியது. சத்தம் இருந்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கேற்ற ஆள் இருந்திருக்காது.

அவன் அவளுடைய கணவரின் தம்பி. அவள் கல்யாணமாகி வந்த நாளில் முன்பற்கள் விழுந்த வாயை இறுக மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றான். இன்றைக்கு அந்தக் கதவில் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கிறது. ஹாக்கியில் தடுப்பாட்டக்காரன். அவன் அண்ணி என்று கூப்பிடுவதால் மைதானத்துக்கு வருகிற அத்தனை பேரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்த மருந்துக்கடைக்காரரும் அப்படித்தான். அவளும் திருத்தவில்லை. தலைநரைத்த கொழுந்தன் ஒருவர் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்றைய ஆட்டத்தைப் பார்க்கத் தொழில்முறை அணி ஒன்றிலிருந்து ஆள் தேர்வு செய்பவர் வருகிறார் என்ற செய்தி போன வாரம் வந்தது. பிடித்துப்போனால் பையனைக் கையோடு கூட்டிப்போய்விடுவார்கள். வேறு ஊர், விடுதி, சம்பளம், ஆண்டுக்கு ஒருமுறை வீடு. அன்றிலிருந்து அவள் வீட்டு முன்னறை நீதிமன்றமாகிவிட்டது. நீதிபதிகள் மூன்று பேர்.

முதலாமவர் அவள் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிறர் ஓட்டுவதற்கெல்லாம் தான் பிரேக் அழுத்தியே பழகிய வலது கால், சோபாவில் சாய்ந்திருக்கும்போதும் தரையை அழுத்தும். இரண்டாமவர் மருந்துக்கடைக்காரர். எந்த ஆட்டக்காரனைப் பற்றிக் கேட்டாலும் சீட்டு எழுதிக் கொடுக்கிற தோரணையில், இவனுக்குப் பாதிக்கு ஒரு கோல், சாப்பாட்டுக்குப் பிறகு, என்பார். மூன்றாமவர் கணவரின் தாய்மாமா. காப்பீட்டு முகவர். மனிதர்களைப் பார்த்தாலே அவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று கணக்குப் போடுகிற கண்.

மூவரும் வாரம் முழுக்கப் பையனை எடை போட்டார்கள். மாமா அவன் அப்பாவின் முழங்கால், தாத்தாவின் முழங்கால் வரைக்கும் போய்த் தோண்டினார். மருந்துக்கடைக்காரர் அவன் முகத்தில் வெறியே இல்லை என்றார். அண்ணன்காரருக்கு வேறு மனத்தாங்கல். ஆடிய ஆட்டத்தில் தம்பி என்ன செய்தான் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இருப்பதில்லை. தோற்ற ஆட்டத்திலாவது மற்றவர்கள் பேர் அடிபடுகிறது. இவன் பேர் ஜெயித்த ஆட்டத்திலும் வருவதில்லை. செல்லமாக அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்ததும் இந்த மூவர்தான்.

தீர்ப்பு இழுத்துக்கொண்டே போனதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். மூவரும் இதுவரை அவன் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை.

மைதானத்துக்கு வராமல் அல்ல. ஒரு ஆட்டம் விடாமல் வருவார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு வழக்கம். நம் அணி எந்தக் கோலை நோக்கி ஆடுகிறதோ அந்தக் கோலுக்குப் பக்கத்துப் படிகளில்தான் உட்கார்வார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது மெத்தை, பிளாஸ்க், குடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, வீடு மாற்றுகிற மாதிரி, அடுத்த கோடிக்குக் குடிபோவார்கள். நம்ம கோல் முன்னால உட்கார்ந்து எதைப் பார்க்கறது, வயித்தெரிச்சலையா, என்பார் மாமா. ஆகவே பையன் எப்போதும் அவர்களுக்கு எதிர்க்கோடியில், தீக்குச்சி உயரத்துக்குத்தான் தெரிந்தான். பந்து அந்தப் பக்கம் போனால் பேச்சு ஆரம்பித்துவிடும். பந்து திரும்பி வந்தால் பேச்சு நிற்கும். நடுவில் அதைத் திருப்பி அனுப்பியது யார் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அண்ணி இடம் மாற மாட்டாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். விடுமுறை நாளில் ஒருமுறை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அதுவும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வாசலோரப் படியில். அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் சரிபாதி நேரம் பையன் அவள் கண்ணெதிரே, பத்தடி தூரத்தில் ஆடினான்.

ஆடினான் என்று சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். எதிரணிக்காரன் பந்தோடு புயலாக வருவான். இவன் ஓட மாட்டான். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் போல இரண்டு எட்டு பக்கவாட்டில் நடப்பான். அவ்வளவுதான். வந்தவன் தலை நிமிர்ந்து பார்ப்பான். பந்தை அனுப்ப நினைத்த வழி இருக்காது. வேறு வழி பார்ப்பான். அங்கேயும் இவன் மட்டை நீட்டி வைத்திருக்கும். கடைசியில் வந்த வழியே பந்தைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு போவான். ஒரு சத்தம் இல்லை. யாரும் கைதட்டவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஒன்றும் நடக்காதது அவளுக்குப் புரிந்தது. அவள் வேலையும் அதுதான். மருத்துவர் கையை நீட்டுவார், கருவி கையில் இருக்கும். நோயாளி கண்ணைச் சுருக்குவதற்குள் விளக்கு திரும்பியிருக்கும். இத்தனை வருஷத்தில் மருத்துவர் அவளைப் பாராட்டியதில்லை. கெட்ட மனிதர் அல்ல. கை நீட்டினால் கருவி வருவது உலக நடப்பு என்று நினைத்திருந்தார். அவள் காய்ச்சலில் படுத்த வாரத்தில்தான் தன் கை வெறுமனே நீண்டுகொண்டிருப்பதை முதல்முறையாகப் பார்த்தாராம்.

வீட்டிலும் பையன் அப்படித்தான். அவள் பாத்திரம் தேய்க்க, அவன் துடைத்து அடுக்குவான். கரண்டி நழுவினால் அது விழப்போகிற இடத்தில் அவன் கை ஏற்கெனவே இருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. முன்னறையில் அவள் கணவர் பேசிக்கொண்டிருப்பார், அந்த வீட்டுக்கு அது போதுமான பேச்சு. அதை இரண்டு பேர் பங்கு போட்டுக் கேட்டதால்தான் இத்தனை நாள் தாங்கியது. இவன் போய்விட்டால் முழுப் பங்கும் அவளுக்கே. இதை வேடிக்கையாக நினைத்துத்தான் பார்த்தாள். ஆனால் வேடிக்கைக்கு அடியில் இருந்தது வேடிக்கையாக இல்லை. அந்த வீட்டில் அவளைக் கவனித்துப் பார்க்கிற ஒரே ஆள் அவன்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பாதியில் நம் கோல் அவள் பக்கம். மூவரும் மறுகோடியில் இருந்தார்கள். அவர்கள் நடுவில் கழுத்தில் அளவு நாடா தொங்கவிட்ட ஒரு ஆள். மருந்துக்கடைக்காரர் அவருக்கு டீ ஊற்றிக் கொடுப்பதும், மாமா குடை பிடிப்பதும் இங்கிருந்தே தெரிந்தது. தேர்வாளர் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அதே ஆள் காலையில் வாசலில் தோட்டக்காரரிடம் தண்ணீர்க் குழாயின் அடைப்பான் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்ததை அண்ணி பார்த்திருந்தாள். குழாய் மாற்ற அளவெடுக்க வந்தவர். நல்ல மரியாதை கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு இரண்டு படி கீழே ஒரு பருத்த பெண்மணி மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தார். வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை. யாரோ ஆட்டக்காரனின் அம்மா என்று அண்ணி நினைத்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று கவனித்தாள். பந்து மறுகோடிக்குப் போகும்போது எல்லார் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. இந்த அம்மாளின் தலை திரும்பவில்லை. பந்தே இல்லாத இடத்தில் பையன் நாலு எட்டு இடம் மாறி நிற்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பையன் எப்பவும் இப்படித்தானா?” என்று திரும்பாமலே கேட்டார்.

“எப்படிங்க?”

“ஒண்ணுமே செய்யாம.”

“ஆமாங்க,” என்றாள் அண்ணி. “சின்ன வயசுலேர்ந்தே.”

அந்த அம்மாள் லேசாகச் சிரித்துவிட்டு மறுபடி பார்க்க ஆரம்பித்தார். ஆட்டக்காரனின் அம்மா இப்படிப் பார்க்க மாட்டார் என்று அண்ணிக்குத் தோன்றியது. பல்லைப் பிடுங்குவதற்கு முன் நோயாளி நாற்காலியின் கைப்பிடியைப் பற்றுகிற மாதிரி, படியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

இடைவேளை விசில் ஊதியபோது இரண்டு பக்கமும் கோல் இல்லை. மூவரும் மூட்டை முடிச்சோடு இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தார்கள். மூச்சு வாங்கியது. அளவு நாடாக்காரர் வரவில்லை.

“பார்த்தியா அவனை?” என்றார் கணவர். “பாதி ஆட்டம் முடிஞ்சுபோச்சு. இருக்கானா இல்லையான்னே தெரியல. தேர்வாளர்கிட்ட என் தம்பின்னு கையக் காட்டினா, எங்கேன்னு கேக்கறார்.”

மருந்துக்கடைக்காரர், இனி மாத்திரை உதவாது, ஊசிதான் என்றார். அதாவது பையன் அடுத்த பாதியில் தன் இடத்தை விட்டுக் கிளம்பி முன்னேறி வர வேண்டும். ஒரு கோல் அடிக்க வேண்டும். மாமா அதை ஆமோதித்தார். கோல் அடிக்காதவனுக்கு எதிர்காலம் உண்டு என்று தன்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்றார்.

இதைப் பையனிடம் யார் சொல்வது? பயிற்சியாளர் போன வருஷமே மூவரையும் வேலிக்கருகே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படியே வந்தாலும், அண்ணனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அண்ணன் குரல் பையன் காதில் மோட்டார் சத்தம் போலத்தான் விழுந்தது. இடைவேளையில் அவன் தண்ணீர் வாங்க வருவது அண்ணியிடம். அண்ணி சொன்னால் ஏன் என்றுகூடக் கேட்க மாட்டான்.

“நீ சொல்லு. உன் பேச்சைத்தான் கேப்பான்,” என்றார் கணவர். “மேல போ, அண்ணன் சொன்னார்னு. அவ்வளவுதான். அவன் வாழ்க்கை இது.”

போன வருஷக் கடைசி ஆட்டத்திலும் இதையே சொன்னார்கள். அவள் அப்படியே போய்ச் சொன்னாள். பையன் அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு, சரி அண்ணி என்று மேலே போனான். அவன் விட்டுப்போன இடைவெளியில் இரண்டு கோல் விழுந்தது. மூவரும் அரைமனசாகப் போனான், அதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்குப் பாத்திரம் துடைக்கும்போது அவன் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்து உடைந்தது. அந்த வீட்டில் அவன் கைக்கு வந்தது அதற்கு முன் உடைந்ததில்லை. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினார்கள்.

இப்போது அதே வார்த்தை திரும்பி வந்து அவள் மடியில் உட்கார்ந்திருந்தது. மேல போ. இரண்டே இரண்டு சொல். அவளுடைய சொல்கூட இல்லை, கணவருடையது. சொன்னால் அவன் போவான். போனால் கோல் விழும். விழுந்தால் யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், நல்லது நினைத்துத்தானே சொன்னாள் என்பார்கள். சாயங்காலம் அவன் துண்டை எடுத்துக்கொண்டு பாத்திரத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். அடுத்த வருஷமும் நிற்பான். ஆட்டம் ஆரம்பிக்கும்போது அவள் வேண்டிக்கொண்டதை இவ்வளவு மரியாதையாக யாரும் கையில் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

கீழே அந்தப் பெண்மணி எழுந்தார். நாற்காலியை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மறுகோடியிலிருந்து கூட்டம் முழுக்கக் கோலைத் தேடி இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்த்திசையில், பையன் அடுத்த பாதியில் நிற்கப்போகும் கோடிக்கு நடந்தார். வழியில் மாமாவின் குடை அவர் தலையில் இடித்தது. மாமா, பார்த்துப் போங்கம்மா, ஆட்டம் இந்தப் பக்கம்தான், என்று அக்கறையாக வழி சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

அண்ணி அந்த நாற்காலி சிறியதாகி மறையும் வரை பார்த்தாள். பிறகு தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் முறையாக எழுந்து, வேலியோரம் போனாள். கணவர் வேலிக்கு எட்டாத தூரத்தில் தூணுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

பையன் வந்தான். முகத்தில் அதே தூக்கக் களை. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு புட்டியை வாங்கினான். குடிக்காமல் அவளைப் பார்த்தான்.

“அண்ணன் அங்கேர்ந்து கையக் கையக் காட்டினாரு. ஏதோ சொல்லணுமாம் அண்ணி. என்னவாம்?”

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. பின்னாலேயே ‘சொல்லு, சொல்லு’ என்ற முணுமுணுப்பும், தரையில் பிரேக் அழுத்துகிற காலின் சத்தமும்.

அவள் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த புல்லிழையை எடுத்துப் போட்டாள்.

“ஒண்ணுமில்ல,” என்றாள். “தண்ணியைக் குடி.”

அவன் குடித்தான். மூடி அவன் கைக்குத் தேவைப்படும் நேரத்தில் அவள் விரலில் தயாராக இருந்தது. மூடித் தந்துவிட்டு, அவன் மறுகோடிக்கு, நடந்தே, அவசரமில்லாமல் போனான்.

“ஏன் சொல்லல?” கணவர் பக்கத்தில் வந்து நின்றார். “இன்னும் விசில் ஊதல. கூப்பிட்டுச் சொல்லு.”

“நான் சொல்லப்போறதில்லைங்க,” என்றாள் அவள் மெதுவாக. பிறகு திரும்பிப் போய்த் தன் படியில் உட்கார்ந்து, அவர் உட்காருவதற்கு மெத்தையைச் சரிசெய்து போட்டாள்.