மார்ச் ஒன்பதாம் தேதி இறந்த கணவர்கள்

திங்கட்கிழமைத் தபாலைப் பிரிப்பது ஷாமினியின் வேலை. முதலீட்டுக் கண்காணிப்பு ஆணையத்தில் அந்த ஆண்டு ஆறு பட்டதாரிகளைப் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். பொருளாதாரத்தில் முதல் வகுப்பு வாங்கியவளின் கையில் நான்கு மாதமாக இருந்தவை, உறை கிழிக்கும் கத்தியும் 'பெறப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையும்தான். பிரித்து, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, கணினியில் எண் போட வேண்டும். முதல் மாதம் கோபம் கோபமாக வந்தது. இதற்கா அப்பா லோரி ஓட்டிப் படிக்க வைத்தார் என்று நினைத்தாள். பிறகு கடிதங்களைப் படிக்கத் தொடங்கினாள். கோபம் வேறு பக்கம் திரும்பியது.

அன்று கிள்ளானிலிருந்து ஒரே பழுப்பு உறையில் பதினான்கு கடிதங்கள் வந்திருந்தன. கோடு போட்ட பள்ளி நோட்டுத் தாளில், மலாய் மொழியில், பதினான்கு விதமான கையெழுத்தில் இருந்தன. நான்காவது கடிதத்தைப் படிக்கும்போதே வாசகம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. தான் மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்வதாகவும், சேமநிதிப் பணத்துக்குக் கூடுதல் வட்டி கிடைக்கும் என்று சொல்லி ஜீவன் என்ற முகவர் ஒரு படிவத்தில், முதலீட்டுப் பாரத்தில், கையெழுத்து வாங்கியதாகவும் ஒவ்வொருத்தியும் எழுதியிருந்தாள். பணம் இப்போது பாதிகூட இல்லை. அதற்கு அடுத்த வரி: 'மார்ச் ஒன்பதாம் தேதி என் கணவர் காலமானார்.' அந்த வரியும் பதினான்கிலும் இருந்தது.

துணை மேலாளர் கமலநாதன் நான்கைந்தைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். பன்னிரண்டு வருடமாகப் புகார்ப் பிரிவில் இருப்பவர். கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர்.

"பதினாலு வீட்டுக்காரரும் ஒரே நாள்ல போயிட்டாங்களா? பஸ் ஏதும் கவுந்துச்சா?"

"கையெழுத்து வேற வேற மாதிரி இருக்கு சார்."

"யாரோ ஒரு ஏஜென்ட் இன்னொருத்தன மாட்டிவிட ஆள் வச்சு எழுதினது லா. மாசத்துக்கு ஒண்ணு இப்படி வரும். டூப்ளிகேட்னு போட்டு குளோஸ் பண்ணிடு."

டூப்ளிகேட் என்று போட்டால் பதினான்கும் ஒரே புகார். ஒரு புகாருக்கு, அந்த நிறுவனத்துக்கு ஒரு நினைவூட்டல் கடிதம் போகும். பத்துத் தனித்தனிப் புகார்கள் இருந்தால்தான் விசாரணைப் பிரிவிலிருந்து ஆள் போய்ப் பாரங்களை எடுத்துப் பார்ப்பார்கள். தபால் வந்த வாரத்துக்குள், வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குள், எது எத்தனை என்று முடிவு செய்துவிட வேண்டும். ஷாமினி கணினியில் டூப்ளிகேட் பொத்தானை அழுத்தவில்லை. உஷாராணி என்று பெயர் போட்டிருந்த கடிதத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதை அழைத்தாள்.

"உஷாராணி இருக்காங்களா? முதலீட்டு ஆணையத்துலேருந்து பேசுறேன்."

"அவ வேலைக்குப் போயிட்டாம்மா. போன மறந்து வச்சிட்டுப் போயிட்டா. நான் அவ வீட்டுக்காரன், ரெங்கசாமி."

ஷாமினி கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். மார்ச் ஒன்பது.

"அங்கிள், நீங்க... நல்லா இருக்கீங்களா?"

"முட்டி வலிதான். வேற ஒண்ணுமில்ல. ஏம்மா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வைத்தவள், கடிதக் கட்டின் மேலே முதலாவதாக இருந்த கடிதத்தின் எண்ணை அழைத்தாள். நல்லம்மாள் எடுத்தார். பின்னால் வாளி உருளும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுக்காரருதாம்மா தவறிப்போனது. கடுதாசி நான் எழுதினது. பக்கத்து வீட்டு டீச்சர் மலாயத் திருத்திக் குடுத்தாங்க. மத்தவங்க அதப் பாத்து எழுதினாங்க."

"ஆனா அவங்க வீட்டுக்காரங்கல்லாம் உயிரோட இருக்காங்களே ஆன்டி!"

"இருக்காங்க. ஆனா அந்த வரிய விட்டுட்டா கடுதாசி தப்பாயிடாதா?"

நல்லம்மாளே தொடர்ந்து பேசினார்.

"இங்க டோய்லெட் கதவுல ஒரு கார்டு மாட்டியிருக்கும்மா. சூப்பர்வைசர் முதல் வரி எழுதுவான். கீழ நாங்க அதையே எழுதிக்கிட்டு வரணும். ஒரு எழுத்து மாறினாலும் கார்டக் கிழிச்சிட்டு மறுபடி எழுதச் சொல்லுவான். பைப்பு ஒடஞ்சு தண்ணி ஓடினாலும் 'எல்லாம் நல்ல நிலையில்'னுதான் எழுதணும். இருவது வருஷமா அப்படித்தான் எழுதுறோம். ஆபீசுக்குப் போற காயிதம்னா அப்படித்தானேன்னு நெனச்சிட்டோம்."

போனை வைத்த பிறகு ஷாமினி நேராகக் கமலநாதன் மேசைக்குப் போனாள். அவர் முழுதும் கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

"நீ போய் எழுதிக் குடுக்கக் கூடாது. அது ரூல். ஆனா கவுண்டருக்கு வந்து வாய்மொழியா சொன்னா, ஆபீசர் எழுதிக்கலாம். அதுவும் ரூல்தான். பத்து பேர் வரணும், வெள்ளிக்கிழமைக்குள்ள. வருவாங்களா?"

"வர வைக்கிறேன் சார்."

சொல்வது சுலபமாக இருந்தது. அந்தப் பெண்கள் துப்புரவுக் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் கூலி போகும், கூடவே மாதத்து வருகைப்படியும் போகும். ஷாமினி அன்று மாலை பதினான்கு பேரையும் ஒவ்வொருவராக அழைத்தாள். இரவு வேலை முடிந்தவர்கள் நேராக ரயிலேறுவது என்றும், மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக விடுப்புக் கேட்பது என்றும் நல்லம்மாளே பிரித்துக் கொடுத்தார். நான்கு பேர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் சரியாகப் பத்துப் பேர்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் மூவர் வந்து கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். கதவு தானாகத் திறக்கும் என்று தெரியாமல் காவலாளி கூப்பிடட்டும் என்று காத்திருந்தார்கள். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி நடந்திருந்தார்கள். இரவெல்லாம் தரை துடைத்த கண்கள் சிவந்து கிடந்தன.

"பசியாறினீங்களா ஆன்டி?"

"அதெல்லாம் ஆச்சும்மா. எதப் பாத்து எழுதணும்?"

"எதையும் பாக்க வேணாம். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். உங்களுக்கு நடந்தத மட்டும்."

அதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. முதலில் வந்த பெண், நல்லம்மாள் எழுதினதே நன்றாக இருந்ததே என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு மெதுவாகப் பேச்சு வந்தது. கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்த பணம் என்றாள் ஒருத்தி. செமினி ஊரில் படிக்கிற மகளுக்கு என்றாள் இன்னொருத்தி. எதற்கென்றும் வைக்கவில்லை, கடைசிக் காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் என்றாள் மூன்றாமவள். ஒரு வாக்குமூலத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஷாமினி சாப்பாட்டு வேளையிலும் கவுண்டரை மூடவில்லை. விரல் வலித்தது. அந்த நான்கு மாதத்தில் முதல் முறையாக, படித்த படிப்பு கைக்கு வந்ததுபோல் சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒன்பது வாக்குமூலம் முடிந்திருந்தது. பத்தாவது உஷாராணி. அவரைக் காணவில்லை. போன் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கமலநாதன் கீழே இறங்கி வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான்கு மணிக்குச் சில நிமிடங்களுக்கு முன் உஷாராணி வந்தார். நீலச் சீருடையைக்கூட மாற்றவில்லை. ரப்பர்க் காலணி ஈரமாக இருந்ததால் பளிங்குத் தரையில் தடம் விழுந்தது. அவர் திரும்பித் திரும்பி அந்தத் தடத்தைப் பார்த்தார். துடைக்கத் துணி இருக்கிறதா என்று கேட்டார்.

"அது கெடக்கட்டும் ஆன்டி, உக்காருங்க. லீவு குடுத்தாங்களா?"

"ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டினா திரும்பி வராதேன்னான் சூப்பர்வைசர். தாண்டிட்டேன்."

ஷாமினி, அவர் கொண்டு வந்திருந்த பாரத்தின் நகலை மேசையில் வைத்தாள்.

"இதுல முதலீட்டு அனுபவம் பதினஞ்சு வருஷம்னு டிக் பண்ணியிருக்கு. யார் பண்ணினது?"

"நாங்கதான். ஜீவன் ஒரு பாரத்தப் பூர்த்தி பண்ணி சாப்பாட்டு மேசையில வச்சான். எல்லாரும் அதப் பாத்து டிக் பண்ணினோம்."

அதை அப்படியே எழுதினாள். நாலு இருபத்தாறுக்குப் பத்தாவது முத்திரை விழுந்தது. உஷாராணி கையெழுத்துப் போட்ட பிறகு, "எங்க வீட்டுக்காரரு சாகலன்னு எழுதிட்டீங்கல்ல?" என்று கேட்டார். கமலநாதன் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோப்பு பதினோராவது மாடிக்கு, விசாரணைப் பிரிவுக்குப் போனது. அடுத்த மாதம் பயிற்சித் திட்டப்படி ஷாமினியை ஆய்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவளுக்கு ஜன்னலோர மேசை கிடைத்தது. தபால் பிரிக்கும் வேலை இல்லை. வாரம் ஒருமுறை கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்டாள். நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, கீழே யாரோ அவளைத் தேடுவதாகக் காவலாளி அழைத்தார். முட்டியில் பட்டை கட்டிய ஒரு மனிதர் கையில் பிளாஸ்டிக் பையுடன் நின்றிருந்தார்.

"ஷாமினியாம்மா? நான் ரெங்கசாமி. போன்ல பேசினோமே."

"ஆன்டி வரலையா அங்கிள்?"

"அவளுக்கு அந்த வேல போயிடுச்சு. இப்ப ஒரு பேரங்காடியில கூட்டுறா. சேந்து ரெண்டு வாரந்தான், லீவு கேக்க முடியாது. அதான் நான் வந்தேன்."

பையிலிருந்து பத்துக் கடிதங்களை எடுத்து நீட்டினார். ஆணையத்தின் தலைப்புத் தாள். பாரத்தில் பதினைந்து ஆண்டு முதலீட்டு அனுபவம் என்று குறிக்கப்பட்டு, கையொப்பமும் இருப்பதால் மேல் நடவடிக்கை எடுக்க இயலாது என்று முதல் கடிதம் சொன்னது. அது நல்லம்மாளுக்கு வந்தது. கடைசிப் பத்தியில், அவருடைய கணவரின் மறைவுக்கு ஆணையம் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்திருந்தது. இரண்டாவது கடிதத்திலும் அதே பத்தி. மூன்றாவதிலும். நல்லம்மாளுக்கு எழுதியதை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். பத்துக் கடிதங்களின் அடியிலும், இது கணினியில் அச்சிடப்பட்டது, கையொப்பம் தேவையில்லை என்று இருந்தது.

அந்த நான்கு நாளில் ஒவ்வொருத்தியும் தட்டுத் தடுமாறித் தன் வாயால் சொன்னதில் ஒரு வரியைக்கூட யாரும் படிக்கவில்லை.

"மேல் முறையீடு செய்யலாம் அங்கிள். முப்பது நாள் இருக்கு. மறுபடி மொதல்லேருந்து எழுதணும்."

"எழுதலாம். அதுக்குத்தானே வந்திருக்கேன்."

அவள் புகார்ப் பிரிவுக்கு ஏறிப் போய், கடிதங்களைக் கமலநாதன் முன் பரப்பி வைத்தாள். அவர் ஒன்றிலிருந்து பத்து வரை வரிசையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப நீ என் பிரிவு இல்லையேம்மா."

"கவுண்டர்ல இன்னைக்கு ஆள் இல்ல சார். பாத்துட்டுத்தான் வந்தேன்."

கமலநாதன் இழுப்பறையைத் திறந்து ரப்பர் முத்திரையை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அவள் கீழே இறங்கி வந்தபோது, கூடத்துச் சுவரிலிருந்த பெரிய திரையில் காலாண்டுச் சாதனைகள் ஓடிக்கொண்டிருந்தன. விசாரணைப் பிரிவு முடித்த தனிப் புகார்கள் பத்து என்று பச்சை எழுத்தில் வந்து போனது. அதற்கு நேர் கீழே ரெங்கசாமி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஐசி அடையாள அட்டையும் எண் சீட்டும் இருந்தன. மறு கையில், தான் இறந்ததற்கு அனுதாபம் தெரிவித்து வந்த கடிதத்தைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு, தன் எண்ணைக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார்.