முப்பத்தாறு படமும் ஒரு மூடியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் அசட்டுத்தனத்தில் பிறந்தது. யோகோஹாமாவில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, போன மாதம்தான் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கினேன். முப்பத்தாறு படம் எடுத்தேன், லென்ஸ் மூடியைக் கழற்றாமல். அவமானம் தாங்காமல் அதை இன்னொருவன் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

2

1957. துறைமுகத்தில் வெள்ளைக் கப்பல் ஒன்று கம்பீரமாக...

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

அந்த இன்னொருவன் மாசுவோ. அவன் தங்கை கினுயே, புருஷனோடு பிரேசிலுக்குக் குடிபோகிறாள். திரும்பி வருவது சந்தேகம். மேல்தளத்திலிருந்து அவள் வீசிய காகிதச் சுருளின் மறுமுனை கரையில் அம்மா கையில். கப்பல் நகர்ந்து அது அறும்வரை விடக்கூடாது, அதுதான் வழியனுப்பும் வழக்கம்.

"அண்ணா, அம்மாவும் நானும் ஒரே படத்துல வரணும்! அம்மா சிரிக்கணும்!"

"அவங்கள நான் பாத்துக்கறேன், நீ மொதல்ல மூக்கத் துடை!"

தூறலுக்காக மூடியிருந்த கேமராவை மாசுவோ கண்ணில் வைத்தான்.

"இந்தக் கறுப்பு வட்டத்தப் பாரும்மா."

"எத்தன தடவடா அமுக்குவ? என் மூஞ்சி தேஞ்சிடப் போவுது."

ஆனாலும் சிரித்தாள். காகிதம் அறுந்தது. கப்பல் சிறுத்தது. மாசுவோ மூடியைப் போடக் கையைக் கொண்டுபோனான். மூடி ஏற்கெனவே அங்கே இருந்தது.

3

நீங்கள் நம்பவில்லை. எனக்கும் சந்தேகம்தான். கேமரா தொழிற்சாலையில் அவனுக்கு வேலையே, கண் வைத்துப் பார்க்கும் சன்னலில் தெரியும் இரட்டை உருவம், ஃபோகஸ் சரியானதும் பிசகாமல் ஒன்றுசேர்கிறதா என்று சோதிப்பது. அவனா மறப்பான்? பள்ளி ஆசிரியனாக மாற்றி எழுதிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது.

அவன்தான் மறப்பான். இந்தக் கேமராவில் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்துச் சின்ன சன்னல் வழியாக. மூடி இருந்தாலும் தங்கை பளிச்சென்று தெரிவாள். உருவங்களைச் சேர்ப்பதிலேயே அவன் குறியாக இருந்தான்.*

* சில வருஷங்களில் உள்ளே கண்ணாடி வைத்த கேமராக்கள் பரவின. அவற்றில் மூடி இருந்தால் இருட்டுதான் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரின் புகழை எழுதப் பலர் இருக்கிறார்கள். அது தாராளமாக அனுமதித்த இந்தத் தவறுக்கு நானாவது இருக்கிறேனே.

4

முடிவு அ: ஃபிலிம் கழுவிய ஸ்டூடியோக்காரன்மேல் பழியைப் போடுகிறான். (பாவம், அவன் என்ன செய்தான்?)

முடிவு ஆ: அம்மாவை மட்டும் மறுபடி கரையில் நிறுத்திப் படம் எடுத்து... எடுத்து என்ன? அதில் கினுயே எங்கே? அடித்துவிட்டேன்.

5

இரண்டு மாதம் அவன் அம்மாவிடம், "ஸ்டூடியோல கூட்டம்மா" என்றே சொல்லிச் சமாளித்தான். பிறகு பிரேசிலிலிருந்து கடிதம் வந்தது. "அண்ணா, சுவத்துல ஆணி அடிச்சு வெச்சிட்டேன். படம் எங்க? அம்மா சிரிச்சாங்களா?"

"எழுதுடா" என்றாள் அம்மா. "நீ சொன்ன கறுப்பு வட்டத்தையே பாத்துச் சிரிச்சேன்னு எழுது. நல்லாத்தான் வந்திருக்கும்."

மாசுவோ பேனாவை எடுத்தான். எனக்கு அதற்குமேல் கை ஓடவில்லை, வருத்தமாக இருக்கிறது. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எது எழுதினாலும் சரி. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: அம்மாவுக்குக் கண் மங்கல். முடித்ததும் உரக்கப் படிக்கச் சொல்வாள்.