கஸ்டமர் கமலம்

மேஸ்திரி சுவர்ப்பூச்சைத் தட்டியபோது ஹால் ஜன்னலின் மரச்சட்டம் கையோடு வந்துவிட்டது. உள்ளே முழுக்கக் கரையான். மற்ற இரண்டு ஜன்னல்களையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். அவையும் மாவாக உதிர்ந்தன. வாசுவின் தாத்தா ரயில்வே வேலைக்காகத் தெலுங்கு நாட்டுக்கு வந்த காலத்தில் மெட்டுகூடாவில் கட்டிய வீடு அது. பூச்சும் வயரிங்கும் புதுசாக்கினால் போதும் என்று நினைத்திருந்தார்கள். இப்போது ஜன்னலும் சேர்ந்துகொண்டது.

"நமக்கென்ன கவலை?" என்றான் வாசு. "கமலம் கம்பெனியில செய்றதே ஜன்னல்தானே."

அவன் மனைவி கமலம் மல்லாபூரில் பிளாஸ்டிக் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வெட்டி வரும் சட்டங்களின் மூலைகளை மெஷினில் உருக்கி ஒட்டுவது, பிசிறு சீவுவது, கைப்பிடி பூட்டுவது எல்லாம் அவள் மேஜையில்தான். அந்தத் தொழிற்சாலையின் பின்பக்கம், எவரோ ஆர்டர் கொடுத்து வேண்டாமென்று விட்ட பழுப்பு ஜன்னல்கள் சில சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வேலை செய்கிறவர்கள் கேட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

"அதையே கொண்டாந்துடலாம். பெருசா இருந்தா சுவரை இடிச்சுக்கலாம், சின்னதா இருந்தா செங்கல் வெச்சு அடைச்சுக்கலாம்," என்றான் வாசு. மேஸ்திரியும் தலையாட்டினார்.

"நக்கோ, வேணாம்," என்றாள் கமலம். "யாரோ வேணாம்னு விட்டதுக்காக நம்ம சுவரை கைக்கு, எதுக்கு இடிக்கணும்? நம்ம சுவருக்கு அளவெடுத்துச் செய்யட்டும்."

அவள் இப்படி ஒரே பேச்சாகச் சொல்வது அபூர்வம். வாசு சரி என்றுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு மூவரும் ஜன்னல் பார்க்கக் கிளம்பினார்கள். கமலம் பொங்கலுக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். மகள் ரக்ஷிதா, "மம்மி, ஷோரூமுக்கு எவராவது பட்டு கட்டுவாங்களா?" என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தாள். கமலம் பூ வைத்துக்கொண்டாள். தொழிற்சாலைக்குள் தினமும் அவள் நுழைவது பின்பக்க கேட். முன்பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூமுக்குள் அவள் கால் வைத்ததே இல்லை.

ஷோரூமைப் பார்த்துக்கொள்ளும் அனுபமா கோயம்புத்தூர்ப் பெண். கேன்டீனில் பார்த்த பழக்கம். எழுந்து வந்தாள். "வாங்கக்கா, உக்காருங்க. இவருதான் நம்ம சாருங்களா? உங்களுக்குத் தெரியாத ஜன்னலாக்கா? எது வேணும், சொல்லுங்க."

எல்லாம் தெரியும் என்றுதான் கமலமும் நினைத்து வந்திருந்தாள். ஆனால் அவளுக்குத் தெரிந்தவை மேஜைமேல் படுத்திருக்கும் ஜன்னல்கள். சுவரில் நிற்கும் ஒன்றை அவள் கையால் திறந்து பார்த்தது கிடையாது.

வாசு நேராகப் போனது கறுப்புச் சட்டம் போட்ட பெரிய ஜன்னலிடம். ஒன்றின் பின்னால் ஒன்று நகரும் கண்ணாடிகள். "எங்க மேனேஜர் வீட்டு ஹால்ல இதான். எவ்வளவு கெத்தா இருக்கு பாரு."

கமலம் அதை நகர்த்திப் பார்த்தாள். "கெத்துதாங்க. ஆனா எப்பவும் பாதிதான் திறக்கும். நம்ம ஹாலுக்கு இருக்கறது ஒரே ஜன்னல். காத்து பத்தாது."

வெளியே திறக்கும் ஜன்னலை ரக்ஷிதா காட்டினாள். அதுவும் சந்துப் பக்கம் சரிப்படாது. திறந்து வைத்தால் போகிற வருகிற பைக்குக்காரன் தலை இடிக்கும்.

கடைசியில் இருந்ததை கமலமே போய்த் திறந்தாள். கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் கதவுபோல உள்பக்கம் திறந்தது. மேலே திருப்பினால் தலைப்பாகம் மட்டும் உள்ளே சாய்ந்து நின்றது. பூட்டினாள், திறந்தாள், சாய்த்தாள், மறுபடி பூட்டினாள். இந்தக் கைப்பிடிகளை எத்தனையோ முறை அவள் பொருத்தியனுப்பியிருக்கிறாள். இவ்வளவு லேசாகத் திரும்பும் என்று அவளுக்குத் தெரியாது.

"இதான்," என்றாள். "சந்துப் பக்கம் ரெண்டுக்கும் இது. கிரில்லும் வெளியே அப்படியே இருக்கும். பின்னாடி சமையலறைக்கு வெளியே திறக்கறது."

"உள்ள திறந்தா கட்டில் இடிக்குமே?" என்றான் வாசு.

"கட்டிலை நகத்தலாம். சந்தை நகத்த முடியாது."

அனுபமா சிரித்துவிட்டாள். வாசுவும்தான்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் கமலத்தின் மேஜைக்கு வந்த சட்டங்களில் வழக்கம்போல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வாடிக்கையாளர் பெயர் இருக்கும் இடத்தில், கமலம், மெட்டுகூடா. ஸ்டிக்கரை விரலால் தடவினாள். பக்கத்து மேஜைக்காரிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் மூலைகளை ஒட்டினாள். கை எப்போதையும்விட மெதுவாகப் போயிற்று.

சூப்பர்வைசர் நூர் முகமது வந்து மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்துப் பார்த்தார். கமலத்தோடு பேசிப் பேசிப் பழகிய தமிழில், "இது பாஸ் ஆகாது. கோணல் இருக்கு. வேற ஒண்ணு பண்ணு," என்றார்.

"பாய், அது அவங்க வீட்டுக்குத்தான். கொஞ்சூண்டுதானே, விடுங்க," என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"ஹவ், ஆமா, தெரியும். யார் வீடா இருந்தா என்ன? ஸ்டிக்கர்ல கஸ்டமர்னு போட்டிருக்கு. நம்ம கஸ்டமருக்குக் கோணல் ஜன்னல் போகாது."

வேறொரு நாளாக இருந்தால் கமலத்துக்கு எரிச்சல் வந்திருக்கும். அன்று முகமெல்லாம் சிரிப்பு. "சரி பாய். கஸ்டமர் கோச்சுக்கப் போறாங்க," என்று சொல்லிப் புதுச் சட்டங்களை எடுத்து வைத்தாள். இரண்டாவதை அவர் இரு பக்கமும் அளந்து, மூலையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஜன்னல்கள் பொருத்தி முடிந்த அன்று எதிர்வீட்டு செல்லப்பா சந்தில் நின்று பார்த்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்.

"எந்தக் கடையில வாங்கினே வாசு?"

கமலம் வாய் திறக்குமுன் வாசு சொன்னான். "கடையா? எங்க வீட்டம்மா செஞ்சதுங்க. வாங்க, உள்ள வந்து திறந்து பாருங்க. இப்படித் திருப்பினா ஒண்ணு, அப்படித் திருப்பினா ஒண்ணு."

தன் தோழிக்கு போனில் வீடியோ காட்டிக்கொண்டிருந்த ரக்ஷிதா, "மா மம்மியே சேசிந்தி!" என்று தெலுங்கில் கத்தினாள். எங்க அம்மாவே செஞ்சது என்று.

செல்லப்பா கைப்பிடியைத் திருப்பினார், சாய்த்தார், மூடினார். பிறகு தயங்கியபடி, "எங்க பூஜை ரூம் ஜன்னலும் போச்சும்மா. அதுக்கு எது சரியா வரும்?" என்று கமலத்திடம் கேட்டார்.

"பாத்துதாங்க சொல்லணும்," என்றாள் கமலம். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் புறப்பட்டாள்.