கமறியா வெட்டிய இரண்டு துண்டு

பக்கத்து வீட்டுப் பளீலா கொடுத்தனுப்பிய இறைச்சிக் கறி வாயில் வைத்ததும் கரைந்தது. கமறியா அடுத்த கவளத்தைக் கோப்பையிலேயே திரும்பப் போட்டாள்.

அவளுடைய சிவப்புக் கன்று காணாமல் போய் அன்றைக்கு மூன்றாம் நாள். யுத்த காலம். தில்லையடிக் கிராமத்தில் இறைச்சி என்று கிடைத்ததெல்லாம் வண்டி இழுத்து ஓய்ந்த கிழட்டு மாடுதான். சப்பிச் சப்பித் தாடை நோகும். இது மட்டும் எப்படி இவ்வளவு மெதுமையாக வெந்தது? போன கிழமை பளீலாவின் புருஷன் றவூப் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கன்டு நல்லா வளந்திட்டுது" என்று சொன்னது இப்போது நெஞ்சில் குத்தியது.

கறிக் கோப்பையை மூடி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"எங்க வாங்கின இறச்சி புள்ள?"

"புத்தளத்தில, ராத்தா. கிழட்டு மாடு. பப்பாசிக்காய் போட்டுத்தான் வேக வச்சன்."

"பப்பாசிக்காய் போட்டாக் கிழடும் கன்டாயிடுமோ?"

பளீலா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு எழும்பினாள். இரவுக்கென்று உப்புத் தடவி வைத்திருந்த மீதி இறைச்சியையும் கத்தியையும் கொண்டுவந்து கமறியாவின் முன்னால் வைத்தாள்.

"நீங்களே வெட்டுங்க."

கமறியா ஒரே இடத்தில் சரிசமமாக இரண்டு துண்டு வெட்டினாள். பளீலா பச்சைப் பப்பாசிக்காயைத் தோலோடு துருவி ஒன்றில் மட்டும் பிசறி, ஒரு மணித்தியாலம் ஊற வைத்தாள். கமறியா தான் குந்தியிருந்த பலகையை விட்டு எழும்பவில்லை. இரண்டையும் தனித்தனிச் சட்டியில் அடுப்பில் ஏற்றும் நேரத்தில், சட்டியில் ஏதும் சூது இருக்குமோ என்று இரண்டு சட்டியையும் மாற்றி வைத்தாள். விறகையும் தானே தள்ளினாள்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்போது சட்டிகளை இறக்கினார்கள். சும்மா வெந்த துண்டில் பல் பதியவில்லை. மற்றது அகப்பை பட்டதுமே பிரிந்தது. இளங்கன்றாக இருந்தால் இரண்டுமே வெந்திருக்கும். கமறியாவுக்கு அது விளங்கியது. ஆனாலும் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அன்று பின்னேரம் முழுக்க வேறு எந்த வீட்டில் இறைச்சி மணக்கிறது என்று மூக்கைத் தீட்டிக்கொண்டே திரிந்தாள்.

இரண்டு நாள் கழித்து உப்பளத்தில் வேலை செய்யும் நிக்கொலஸ் கன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். கயிற்றோடு ஓடிப் போய்க் கண்டல் மரத்து வேரில் சிக்கிக் கிடந்ததாம். ஆருடைய மாடு என்று தெரியாமல் தன் குடிசையில் கட்டித் தண்ணீர் வைத்திருந்தானாம்.

கமறியா நேரே பளீலாவிடம் போனாள்.

"கன்டு வந்திட்டுது புள்ள. மனசில ஒண்டும் வச்சிராத."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் பளீலா, அரிசி களைந்தபடியே. "மனசில வைக்கல்ல ராத்தா. ஆனா இனி எங்கட கறி உங்களுக்கு வராது. ஒவ்வொருக்காலும் எந்த மாடு எண்டு காட்ட எனக்கு ஏலாது."

கமறியா வாசலோடு திரும்பினாள். உள்ளே வாங்க என்று பளீலா சொல்லவில்லை.