படம் இறக்கும் ஞாயிறு

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இருக்கும் மனமகிழ் மன்றத்தின் மாடிக் கூடத்தில் மாதம் ஒரு கண்காட்சி நடக்கும். சில மாதம் ஓவியம், சில மாதம் புகைப்படம். சுவரில் எது தொங்குகிறதோ அது அந்த மாதம் ஊரில் இருக்காது. மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம் படங்களை இறக்குவார்கள். இறக்கியதும் எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும்.

ஊர் இதற்குப் பழகிவிட்டது. கலங்கரை விளக்கத்தைத் தொங்கவிட்ட மாதம் படகுக்காரர்கள் குத்துமதிப்பாகக் கரை சேர்ந்தார்கள். நுங்குக் குலையை ஒருவர் தத்ரூபமாக வரைந்து தொலைத்ததில் ஒரு சித்திரை முழுக்க ஊரில் நுங்கு கிடையாது. ரயில்வே பாலத்தை வரைந்தவருக்குக் கை கொஞ்சம் கோணல். பாலமும் கோணலாகத்தான் திரும்பி வந்தது. இன்றும் அந்த இடத்தில் பஸ் ஒரு பக்கம் சாயும், ஜனங்கள் மறுபக்கம் சாய்ந்து சரிக்கட்டிக்கொள்வார்கள்.

விற்றுப்போன படம் மட்டும் திரும்பாது. யாருக்காவது ஒரு படம் பிடித்துவிட்டால் அதில் ஒரு சிவப்புப் புள்ளியை ஒட்டிவிட்டுப் போவார்கள். வாங்கியது யார் என்று படம் இறக்கும் ஞாயிறு வரை கேட்கக் கூடாது. அது மன்றத்தின் மரியாதை. அன்றைக்கு வாங்கியவர் முன்னால் வந்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய படத்தைத் தூக்கிக்கொண்டு போவார். அப்படித்தான் சார்பதிவாளர் ஒருவர் மதுரையில் ஏதோ ஒரு ஓட்டலில் லிஃப்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறார். தீபாவளிக்குத் தீபாவளி அவர் மனைவி பஸ் பிடித்துப் போய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருகிறாள்.

இதெல்லாம் அடுத்த வீட்டுச் சங்கதியாக இருந்தவரை ஜெயக்கொடிக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அந்த ஆவணியில் 'முகங்கள்' என்ற தலைப்பில் புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். பல் டாக்டர் மச்சாது, மன்றத்தில் சீட்டாட வருகிற ஜெயக்கொடியின் கணவர் சுயம்புலிங்கத்தைச் சிரிக்கவைத்துப் படம் எடுத்துவிட்டார்.

"வேண்டாம்ங்க. எனக்குப் பயமா இருக்கு," என்று அவள் சொல்லிப்பார்த்தாள்.

"ஒரு மாசம்தான ஜெயா. என் மூஞ்சியக் காசு குடுத்து எவன் வாங்கப் போறான்?" என்றார் சுயம்புலிங்கம். உள்ளுக்குள் அவருக்குப் பெருமை. மனுஷன் சவரம் செய்துகொண்டு, மீசைக்கு மை தடவிக்கொண்டு காத்திருந்தார். படத்தை ஆணியில் மாட்டிய கணம் வீட்டில் அவருடைய நாற்காலி காலியாயிற்று. ஆற்றிவைத்த காப்பி அப்படியே இருந்தது.

ஜெயக்கொடி தினமும் மாலையில் மன்றத்துக்குப் போனாள். அவர் படம் கூடத்தின் கோடியில், பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கியது. அந்த ஜன்னல் வழியாக ஊரே தெரியும். துறைமுகத்துக் கிரேன்கள், வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்கள், மாதா கோயில் கோபுரம், உற்றுப் பார்த்தால் அவர்கள் வீட்டு மொட்டைமாடியும் நீலத் தண்ணீர்த் தொட்டியும்கூட. அவள் படத்தின் முன்னால் நின்று, கீரைக்காரி வராததையும் மோட்டார் ரிப்பேர் ஆனதையும் சொல்வாள். படம் சிரித்தபடியே இருக்கும். வீட்டில் இருந்தபோதும் அவர் அதைத்தான் செய்தார் என்பதால் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கூடத்தில் யாரும் இல்லை. ஜெயக்கொடிக்கு என்னவோ தாங்க முடியவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது நெற்றியில் பொட்டைக் காணவில்லை. வேர்வையில் எங்கோ விழுந்திருக்கும் என்று அட்டையிலிருந்து வேறொன்றை எடுத்து ஒட்டிக்கொண்டாள்.

மறுநாள் போனபோது சுயம்புலிங்கத்தின் படத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது.

அவள் செயலாளர் கோயில்பிள்ளையிடம் ஓடினாள். அவர் மேசையில் ஆணிகளைப் பெரிசு சிறிசாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இவிய படத்துல புள்ளி இருக்கு."

"சந்தோஷம் மதினி. நல்ல படம்லா."

"புள்ளிய ஓரத்துலதான ஒட்டுவாவ? இது நடுக் கண்ணாடியில, முகத்துமேல இருக்கு."

"எங்க ஒட்டுனா என்ன மதினி, செவப்பு செவப்புதான்."

"யாரு ஒட்டுனதுன்னு மட்டும் சொல்லுங்க."

கோயில்பிள்ளை அவளை வருத்தத்தோடு பார்த்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள் என்று அவர் முகம் சொன்னது. மறுபடி ஆணிகளைப் பிரிக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து ஜெயக்கொடி காலையிலேயே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவள் கண்ணுக்குத் திருடர்களாகத் தெரிந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் டேப்போடு வந்தார். சுயம்புலிங்கம் தொங்குகிற பக்கம் போய் நீளம் அகலம் அளந்தார். தன்னுடைய ஆஸ்பத்திரி வரவேற்பறையில் பச்சைச் சுவர் என்றும், அதற்கு எடுப்பாக இருக்கும் என்றும் கூட வந்தவரிடம் சொன்னார். ஜெயக்கொடி எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். அழுகையை அடக்க முடியவில்லை.

"ஐயா, அவியளுக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரைய எடுத்துக் கையில வெச்சாத்தான் போடுவாவ. குறட்டை வேற விடுவாவ. உங்க ஆஸ்பத்திரிக்குச் சரிப்படாதுய்யா."

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார். "நானுங்களா? நான் அவர வாங்கலீங்கம்மா. பக்கத்துல இருக்குற ஆடுதானுங்க எனக்கு வேணும்."

சுயம்புலிங்கத்தின் படத்துக்கு அடுத்ததாக ஓர் ஆட்டின் முகம் இருந்தது. அதன் ஓரத்தில் ஒழுங்காகச் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தது. அவளுக்கு வெட்கமாகவும், அதைவிடப் பயமாகவும் இருந்தது. இவர் இல்லையென்றால் வேறு யார்? தெரிந்த எதிரியைவிடத் தெரியாத எதிரி பொல்லாதவன்.

படம் இறக்கும் ஞாயிறு வந்தது. உறுப்பினர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். முதலில் விற்காத படங்களை இறக்கினார்கள். ஒரு மீனவர் கழுத்தைத் தடவிக்கொண்டே சுவரோரமாக வந்து நின்று டீ கேட்டார். சுவரில் இருந்தவர்களுக்கு வேறு ஒன்றும் நினைவிருக்காது, கழுத்து மட்டும் பிடித்துக்கொள்ளும். ஆடு பழுப்புக் காகிதத்தில் கோயம்புத்தூர் புறப்பட்டது. கடைசியாகக் கோயில்பிள்ளை சுயம்புலிங்கத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத வாங்குனவங்க முன்னால வரலாம்."

யாரும் வரவில்லை. அவர் இன்னொரு தரம் கூப்பிட்டார். ஜெயக்கொடி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். வாங்கியவர் வராத படங்கள் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில், முகம் சுவரைப் பார்க்க அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அந்த அறையில் கறையான் வரும்.

கோயில்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, புள்ளியை நகத்தால் பெயர்த்தார். அதைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது வெல்வெட்டால்லா இருக்கு," என்றார்.

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் தங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கோயில்பிள்ளை ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்துக்கொண்டே வந்து ஜெயக்கொடியின் முன்னால் நின்றார். அதே அளவு, அதே சிவப்பு.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நினைவு வந்தது. "ஐயோ, இது என்னோடதுதான் அண்ணாச்சி!" என்று கத்திவிட்டாள். சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நான்தான் கண்ணாடியில சாஞ்சேன். அப்போ ஒட்டியிருக்கு. யாரும் வாங்கல. இவிய வீட்டுக்கு வந்துரலாம்!"

"அப்போ வாங்குனது நீங்கதான் மதினி," என்றார் கோயில்பிள்ளை. எல்லாரும் கை தட்டினார்கள்.

"தெரியாம நடந்தது அண்ணாச்சி."

"ஒட்டுனது ஒட்டுனதுதான்."

பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, சுயம்புலிங்கத்தை அவள் கையில் கொடுத்தார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கூடத்துச் சுவரில் மாமனாரும் மாமியாரும் மாலையோடு தொங்கினார்கள். அந்த வரிசையில் ஓர் ஆணி சும்மா இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படத்தைக் கொண்டுபோய் அவருடைய நாற்காலியில் சாய்த்துவைத்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு மாத்திரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மாத்திரைகள் சேர்ந்துகொண்டே போயின.

டாக்டர் மச்சாதுதான் ஒரு வழி சொன்னார். விற்ற படம் மறுபடி சுவரேறி, விற்காமல் இறங்கினால் ஆள் வந்துவிடும். ஆனால் ஒருமுறை மாட்டிய படத்தை மன்றத்தில் மறுபடி மாட்ட மாட்டார்கள். புதிதாக எடுக்க வேண்டும்.

"அடுத்த கண்காட்சி 'தம்பதியர்'. நீங்க படத்த மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க, நான் எடுக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து தொங்குங்க."

"எவனாவது வாங்கிட்டான்னா டாக்டர்?"

"ரெண்டு பேரையும் சேர்த்துத்தான வாங்கணும்," என்றார் மச்சாது.

அது அவளுக்குச் சரியாகப்பட்டது. தனியாக நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு, எந்த ஊர் லிஃப்டுக்குப் பக்கத்தில் என்றாலும் இரண்டு பேராகத் தொங்குவது மேல்.

மன்றத்துக் கூடத்தில், ஜன்னலோரம் நாற்காலி போட்டு டாக்டர் அவளை உட்காரவைத்தார். அவள் பட்டுப்புடவை கட்டி, சுயம்புலிங்கத்தின் படத்தைத் துடைத்து மடியில் நிறுத்திக்கொண்டாள். மச்சாது கேமராவில் ஒரு கண்ணை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொட்ட எடுத்துருங்கம்மா. செவப்பா இருக்கு. மாட்டும்போதே வித்த படமாயிரும்."

ஜெயக்கொடியின் கை நெற்றி வரை போய் நின்றது. பொட்டில்லாத நெற்றி, பட்டுப்புடவை, மடியில் கணவன் படம். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பே பலித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். ஆனால் பொட்டோடு உட்கார்ந்தால் மறுபடியும் பழுப்புக் காகிதம்தான். பொட்டை எடுத்தாள். எடுத்த பொட்டை, எல்லாப் பெண்களையும் போல, கைக்கு எட்டிய கண்ணாடியில் ஒட்டிவைத்தாள்.

அவர்கள் இருவரும் சுவரில் ஏறினார்கள்.

ஒரு மாதம் போயிற்று. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்து வலித்ததுதான். கண்ணைத் திறந்தபோது கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சுயம்புலிங்கம் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மீசை மை லேசாக வெளுத்திருந்தது.

"ஜெயா, காப்பி ஆறிப்போயிருக்குமே," என்றார்.

அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. ஊரையே அள்ளிக் கொடுத்தாலும் அந்தக் கையை இனி விடமாட்டாள்.

அப்போது கோயில்பிள்ளை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, "இத வாங்குனவங்க முன்னால வரலாம்," என்றார்.

ஜன்னல் கண்ணாடியில், துறைமுகத்துக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில், சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. மாதம் முழுக்க அது அங்கேயேதான் இருந்தது. பார்த்தவர்கள், நல்ல காட்சி, யாரோ முந்திக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அது ஜன்னல்லா அண்ணாச்சி," என்றாள் ஜெயக்கொடி.

"செவத்துல இருக்கு, நாலு பக்கமும் சட்டம் இருக்கு, கண்ணாடி இருக்கு," என்றார் கோயில்பிள்ளை. நகத்தால் பெயர்த்து, திருப்பிப் பார்த்தார். "வெல்வெட்டு. வாங்குனது நீங்கதான் மதினி."

எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு பேர் பழுப்புக் காகிதத்தை விரித்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். முதலில் கிரேன்கள் மறைந்தன. பிறகு உப்புக் குவியல்கள், கோபுரம், தெருத்தெருவாக வீடுகள். கடைசியாக நீலத் தொட்டியும், மொட்டைமாடிக் கொடியில் அவள் போன மாதம் காயப்போட்ட துணிகளும் மறைந்தன. சணல் கயிற்றால் கட்டி, முடிச்சுப் போட்டு, பார்சலைக் கையில் கொடுத்தார்கள். சுவரில் அது இருந்த இடம் வெறும் சுண்ணாம்பாக இருந்தது.

சுயம்புலிங்கம் ஒரு முனையைப் பிடித்தார், ஜெயக்கொடி மறுமுனையைப் பிடித்தாள். ஊர் அவர்கள் நினைத்ததைவிட இலேசாகத்தான் இருந்தது.

"எங்க ஜெயா மாட்டுறது?" என்று படியிறங்கும்போது கேட்டார்.

"நம்ம வீட்டுக் கூடத்துல ஒரு ஆணி சும்மாத்தான் இருக்கு," என்றாள். "பாத்து, இடிச்சிராதிய. துணியெல்லாம் கொடியிலேயே கெடக்கு."

படிகள் முடிந்த இடத்தில் தெரு இல்லை. இருவரும் கடைசிப் படியில் பார்சலை மெதுவாகச் சாய்த்துவைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு ஆட்டோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.