நாற்பதாவது நிமிடம்

மூன்று மாடி ஏறிவந்த மூச்சு அடங்கும் முன்பே அவள், கனத்த அடிச்சுரங்கள் வாசிக்கும் தன் பேஸ் கிட்டாரை உறையிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். விற்பவர் முடிதிருத்துபவர், வார நாட்களில் கத்தரி, வார இறுதியில் கச்சேரி. முதுகெலும்பில் ஒரு வட்டு விலகிவிட்டதால் இனிக் கனம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட, வாத்திய ஒலியைப் பெருக்கித் தரும் தன் இரண்டு ஆம்ப் பெட்டிகளையும் விற்கத் தீர்மானித்திருந்தார். அவை முன்னறைச் சுவரோரம், நேர்காணலுக்கு வந்தவர்கள்போல் அடக்கமாக நின்றன. ஒன்று பெரியது, கறுப்பு, பளபளப்பு. இன்னொன்று சாம்பல் நிறக் குட்டிப் பெட்டி. முன்பக்கத் துணி ஒரு மூலையில் கிழிந்து, யாரோ கோணல்மாணலாகத் தையல் போட்டிருந்தார்கள்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. நாற்பத்தோரு வயதில் பேஸ் கற்றுக்கொள்ளப் போனபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை, யாரும் நம்பவுமில்லை. இப்போது நால்வர் கொண்ட ஒரு குழுவில் வாசிக்கிறாள். குழுவில் அவளுக்கு 'மெடிக்கல்' என்று பெயர். போன கச்சேரியில் மூன்றாவது பாட்டின் நடுவே அவளுடைய பழைய ஆம்ப் சுருதி மாறாமலே குரல் மாறிப்போனது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகி, பிறகு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவளை நம்பித் தாளம் போட்டுக்கொண்டிருந்த டிரம்ஸ்காரர் தடுமாறினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். கோபப்படாமல்தான் சொன்னார், அடுத்த முறையும் இப்படி ஆனால் கீபோர்டின் இடது கையே பேஸைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அடுத்த கச்சேரிக்கு எட்டு நாள் இருந்தது.

கூட வந்திருந்தவள் நாத்தனார். முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பாப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவள். சொந்தமாக வேன் உண்டு, தோளில் வலு உண்டு, பேச்சு மட்டும் கம்மி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் நான்கு வருடமாகச் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன் என்ற அளவில் காலம் தள்ளியிருந்தார்கள். கணவனுக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டதால், பெட்டி தூக்க மட்டும் என்று சொல்லித் தங்கையை அனுப்பிவைத்திருந்தான். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்று தெரிந்ததும், "எனக்கு இங்க வேலையே இல்ல போலிருக்கே" என்று மட்டும் பாப்பா சொன்னாள்.

அவள் கறுப்புப் பெட்டியில் தன் கிட்டாரின் கம்பியைச் செருகி, தடித்த தந்தியை ஒருமுறை மீட்டினாள். அவ்வளவுதான், சொக்கிப்போனாள். தரையிலிருந்து எழும்பி, வயிற்றைத் தொட்டு, ஜன்னல் வரை போய்த் திரும்பியது அந்தச் சத்தம். இரண்டு பாட்டு வாசித்தாள். தான் இத்தனை நன்றாக வாசிப்பாள் என்று அவளுக்கே தெரியாது. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தபோது, வாசல் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாப்பா குறுக்கிட்டாள்.

"அண்ணி, கச்சேரி எவ்வளவு நேரம்?"

ஒன்றரை மணி நேரம் என்றாள்.

"அப்ப ஒன்றரை மணி நேரம் வாசிங்க. லிஃப்ட் முதல் தடவை ஏறி எறங்குறதப் பாத்து நாங்க கையெழுத்துப் போட மாட்டோம். நூறாவது தடவை எங்க நிக்குதுன்னுதான் பாப்போம்."

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் வீட்டில், விடுமுறை நாளில், ஒன்றரை மணி நேரமா? முடிதிருத்துபவரோ வாசிங்க மேடம் என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். பாப்பா தன் கைப்பேசியை ஒரு முக்காலியில் வைத்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு தந்திகளையும் ஒரே அழுத்தத்தில் ஒவ்வொன்றாக மீட்டச் சொல்லிப் பதிவு செய்துகொண்டாள். முக்காலியை யாரும் தொடக் கூடாது, குமிழ்களைத் திருப்பக் கூடாது. நடுவில் பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். லிஃப்ட் மோட்டார் அறையில் இவள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளோ என்று வாசித்தபடியே அவள் நினைத்துக்கொண்டாள். இதைப் போலத் தன் வாசிப்பை யாரும் இதற்குமுன் காது கொடுத்துக் கேட்டதில்லை.

நாற்பதாவது நிமிடம் பாப்பா கண்ணைத் திறந்தாள். வாசித்தவள் காதுக்கு ஒன்றும் புலப்படவில்லை. முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டபோதுதான் தெரிந்தது. தடித்த தந்தி கனமிழந்து, ஓரம் பிசிறி, ஈரத் துணியை உதறுவதுபோலக் கேட்டது. மற்ற மூன்றும் சரியாக இருந்தன. பெட்டியின் பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு.

முடிதிருத்துபவர் இரண்டு பதிவுகளையும் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். முகம் விழுந்துபோனது. வீட்டில் அரை மணிக்கு மேல் வாசிப்பதில்லை, முதுகு வலி வந்த பிறகு வெளியே போனால் மேடையில் இருக்கும் ஆம்பைத்தான் பயன்படுத்துகிறேன் என்றார். பிறகு யாரும் கேட்காமலேயே சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினார். "இதப் பாத்துச் சரி பண்ணாம யாருக்கும் குடுக்க மாட்டேன் மேடம். நல்லவேளை, நீங்க கேட்டீங்க" என்று பாப்பாவிடம் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குச் சிரமமாக இருந்திருக்க வேண்டும், ஆனாலும் சொன்னார்.

சாம்பல் பெட்டி முதல் மீட்டலிலேயே அவள் ஆசையில் தண்ணீர் தெளித்தது. மினுக்கு இல்லை, குலுக்கு இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஆள் மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு, இரண்டாவது தந்தியில் ஒரு சுரம் மட்டும் மற்றவற்றை அமுக்கிக்கொண்டு குபுக்கென்று வீங்கியது. இது ஆகாது என்று பாப்பா தலையாட்டினாள்.

ஆனால் அவள் கிட்டாரைக் கழற்றவில்லை. அந்தச் சுரத்தையே திரும்பத் திரும்ப மீட்டியபடி அறையை ஒருமுறை சுற்றிவந்தாள், கம்பி நீண்ட மட்டும். ஜன்னலருகே வீக்கம் இல்லை. சுவரோரம் இருந்தது.

"பெட்டியில குறை இல்ல பாப்பா. சுவரோரமா வெச்சதுலதான் இருக்கு."

இருவருமாகப் பெட்டியை அறை நடுவுக்கு இழுத்தார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. தடித்த தந்தியின் அடியிலிருந்து மெல்லிய தந்தியின் நுனி வரை ஒவ்வொரு சுரமாக ஏறினாள். எதுவும் முண்டவில்லை, எதுவும் பதுங்கவில்லை. பாப்பா அவளை நிமிர்ந்து பார்த்தாள். வாயால் சொல்லாத பாராட்டு அந்தப் பார்வையில் இருந்தது.

மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம், இருபது, நாற்பது. முடிதிருத்துபவர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் தாண்டியபோது விரல் நுனி எரிந்தது. ஒரு நிமிடம் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் பாப்பா தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"போன கச்சேரிக்கு நானும் வந்திருந்தேன் அண்ணி. பின்னாடி தூணோரமா நின்னேன். மூணாவது பாட்டுல ஏதோ போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. அண்ணன்கிட்ட கேட்டேன், அவருக்கு ஒண்ணும் புரியல. அதுவரைக்கும் நீங்க என்ன வாசிக்கறீங்கன்னே எனக்குக் கேக்கல. உங்க சத்தம் நின்னப்பதான், அவ்வளவு நேரம் எல்லாரும் உங்க மேல நின்னு பாடிட்டிருந்தாங்கன்னு தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் எரியும் விரலாலேயே மீதி அரை மணி நேரத்தை வாசித்து முடித்தாள். கடைசிப் பதிவையும் முதல் பதிவையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எதுவென்று பாப்பா கேட்டாள். அவளாலும் சொல்ல முடியவில்லை, முடிதிருத்துபவராலும் முடியவில்லை.

சாம்பல் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். குட்டியாக இருந்தாலும் பிணக் கனம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கீழே வைத்துவிட்டு, பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் படியில் உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பாட்டு, நின்னு போச்சே, அதுக்கப்புறம் எப்படிப் போகும்?" என்று பாப்பா கேட்டாள்.

அவள் உறையின் ஜிப்பைத் திறந்து கிட்டாரை மடியில் சாய்த்தாள். பெட்டியோடு இணைக்காத பேஸுக்குக் குரல் ஏது. தெருவில் போன ஒரு சைக்கிள் மணியே அதை மூழ்கடித்துவிட்டது. பாப்பா எழுந்துவந்து ஒரு படி கீழே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கிட்டாரின் மரத்தில் காதை ஒட்டிவைத்துக்கொண்டாள். அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.